அளவு மாறினால் பங்கும் மாறும்

மட்டாஞ்சேரிக்கு வடக்கே, அழிமுகத்தைத் தாண்டினால் வைப்பின் தீவு. அதன் தென் பகுதியில் புதுவைப்பு இருக்கிறது. அங்கே கப்பலில் எரிவாயு வருகிறது. மிகவும் குளிர வைத்ததால் அது திரவமாக இருக்கும். அதை மீண்டும் வாயுவாக மாற்றிக் குழாயில் அனுப்புகிறார்கள். கொச்சியிலிருந்து மங்களூர் வரை குழாயின் நீளம் 450 கிலோமீட்டர். 2021 ஜனவரி 5 அன்று அது தொடங்கி வைக்கப்பட்டது.

இந்தக் குழாய் பலருடைய நிலத்தின் அடியில் போகிறது. வாயுவில் அவர்களுக்குப் பங்கு உண்டா? இல்லை. இழப்பீடு மட்டுமே உண்டு.

பூமியிலிருந்து வாயு எடுப்பதற்குத் தரும் பங்குத் தொகையை ராயல்டி என்பார்கள். நம் நாட்டில் தரையில் எடுத்தால் அது மாநில அரசுக்குப் போகும். கடலில் எடுத்தால் மத்திய அரசுக்குப் போகும்.

அமெரிக்காவில் பல இடங்களில் நிலத்துக்காரருக்கே ராயல்டி உண்டு. ஒரு கிணறு பலருடைய நிலத்தின் அடியிலிருந்து வாயுவை இழுக்கும். ஆகவே அந்த நிலங்களை ஒரே தொகுதியாகச் சேர்ப்பார்கள்.

கணக்குப் பார்ப்போம். தொகுதி 640 ஏக்கர். ஒருவருக்கு அதில் 64 ஏக்கர். அதாவது பத்தில் ஒரு பங்கு. கிணற்றில் 8,000 ரூபாய்க்கு வாயு கிடைக்கிறது. ராயல்டி எட்டில் ஒன்று, 1,000 ரூபாய். அவருக்கு 100 ரூபாய்.

தொகுதியை 1,280 ஏக்கர் ஆக்கினால்? அவர் பங்கு இருபதில் ஒன்று. கிடைப்பது 50 ரூபாய். ஆனால் அதே அளவு வாயு தரும் இரண்டாவது கிணறும் தோண்டினால் மீண்டும் 100 ரூபாய். ஆகவே தொகுதி எவ்வளவு பெரியது, கிணறு எத்தனை என்று இரண்டையும் கேட்க வேண்டும்.

நம் ஊர்க் குழாய்க்கும் அளவுதான் முக்கியம். பாதையின் அகலம் 20 மீட்டர், உங்கள் நிலத்தில் நீளம் 30 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 20 × 30 = 600 சதுர மீட்டர். இது சுமார் 15 சென்ட். அகலம் 10 மீட்டர் என்றால் பாதிதான்.

1962ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலம் உங்களுடையதாகவே இருக்கும். ஆனால் குழாய்ப் பாதையில் வீடு கட்டக் கூடாது. கிணறு வெட்டக் கூடாது. மரம் நடக் கூடாது. இதற்கு அந்தப் பாதை நிலத்தின் சந்தை விலையில் 10 சதவீதம் தர வேண்டும். பயிருக்கும் மரத்துக்கும் சேதம் வந்தால் அதற்குத் தனியே தர வேண்டும். கொச்சி–மங்களூர்க் குழாய்க்குக் கேரள அரசு இழப்பீட்டை உயர்த்தியது.

அறிவிப்பு வெளியான 21 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தரலாம். இழப்பீட்டுத் தொகை போதாது என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம்.

5 சென்ட் வைத்திருப்பவருக்கு அகலத்தில் ஒரு மீட்டர்கூடப் பெரிது. வீடு கட்டும் இடமே போய்விடலாம். ஆகவே கையெழுத்துப் போடும் முன் சர்வே எண், நீளம், அகலம் மூன்றையும் படித்துப் பாருங்கள்.

பயிற்சி
1. அகலம் 10 மீட்டர், நீளம் 40 மீட்டர். எத்தனை சதுர மீட்டர்?
2. ஒரு சென்ட் சுமார் 40 சதுர மீட்டர். மேலே வந்த விடை எத்தனை சென்ட்?
3. ஒரு சென்ட் 1,00,000 ரூபாய் என்றால், 10 சதவீத இழப்பீடு எவ்வளவு?