சாதிலிங்கம்

உலோகங்களுள் பொன் போன்ற மிகச் சிலவே இயற்கையில் பெரும்பாலும் தனித்த நிலையில் கிடைப்பன. ஏனையவை பிற தனிமங்களுடன் கூடித் தாதுக்களாக மண்ணினுள் மறைந்து கிடக்கின்றன. ஈயம், துத்தநாகம், பாதரசம் ஆகியவற்றின் முதன்மையான தாதுக்கள், அவை கந்தகத்துடன் கூடிய சேர்மங்களே ஆகும். இத்தகைய சேர்மங்களைச் சல்பைடுகள் என வழங்குவர் வேதியியலார். அவற்றுள் பாதரசத்தின் சல்பைடாகிய சாதிலிங்கம், அழகும் பயனும் ஆபத்தும் ஒருங்கே அமைந்தது.

சாதிலிங்கம் குருதி போன்ற செந்நிறமுடையது. தூளாக்கினால் அதன் சிவப்பு மேலும் ஒளிரும். அது நீரைக் காட்டிலும் ஏறத்தாழ எட்டு மடங்கு அடர்த்தியுடையது. அதில் பாதரச அணு ஒன்றுக்குக் கந்தக அணு ஒன்று என்ற அளவில் இரண்டும் இணைந்துள்ளன. எனினும், பாதரச அணு கந்தக அணுவினும் ஆறு மடங்குக்கு மேல் எடையுடையதாதலின், 100 கிராம் தூய சாதிலிங்கத்தில் பாதரசம் மட்டும் 86 கிராம் அடங்கியிருக்கும். அது நீரில் கரையாது; நைட்ரிக் அமிலத்தில் மட்டும் இட்டாலும் எளிதில் கரைவதில்லை. நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த இராசதிராவகமே அதனைக் கரைக்க வல்லது. கந்தகம் பாதரசத்தை அத்துணை இறுகப் பற்றியிருக்கிறது.

இச்சேர்மத்தைச் செயற்கையாகவும் ஆக்கலாம். பாதரசத்தையும் கந்தகத்தையும் கல்வத்திலிட்டு நெடுநேரம் அரைத்தால், முதலில் கரிய தூள் ஒன்று உண்டாகும். அதனை மூடிய கலத்திலிட்டுச் சூடேற்றினால், ஆவியாகி எழுந்து, குளிர்ந்த பகுதியில் செந்நிறப் படிகங்களாகப் படியும். கரிய தூளும் செந்நிறப் படிகமும் ஒரே சேர்மமே. அணுக்கள் அடுக்கப்பட்ட முறை மட்டுமே வேறு. ஒரே செங்கற்களைக் கொண்டு இருவேறு வீடுகள் கட்டுவது போன்றது இது.

பண்டை உரோமானியர் சாதிலிங்கத்தைச் சுவரோவியங்களுக்கு விலையுயர்ந்த வண்ணமாகப் பயன்படுத்தினர். ஆயின் அவ்வண்ணம் வெயிலில் நிலைப்பதில்லை. பாபேரியசு என்னும் எழுத்தர் ஒருவர் தம் வீட்டு முற்றத்தின் சுவர்களில் சாதிலிங்க வண்ணம் பூசுவித்தார் என்றும், 30 நாள்களுக்குள் அது அழகிழந்து திட்டுத்திட்டாக மாறிவிட்டது என்றும் கட்டடக் கலைஞர் வித்ருவியசு எழுதியுள்ளார். ஒளியும் குளோரைடு உப்புகளும் சேர்ந்தே இம்மாற்றத்தை விளைக்கின்றன என இக்கால ஆராய்ச்சி காட்டுகிறது.

எனினும், சாதிலிங்கத்தை மனிதர் பெருமளவில் அகழ்ந்தது வண்ணத்துக்காக அன்று. அதனுள் அடங்கிய பாதரசத்துக்காகவே ஆகும். சாதிலிங்கத்தைக் காற்றுப்பட வறுத்தால், கந்தகம் ஆக்சிஜனுடன் கூடிக் கந்தக டைஆக்சைடு என்னும் வாயுவாக வெளியேறும். விடுபட்ட பாதரசமோ ஆவியாக எழும். அதனைக் குளிரச் செய்தால் வெள்ளி போன்ற நீர்மமாகும். சித்த மருத்துவ நூல்களும் சாதிலிங்கத்தை அறிந்திருந்தன. அதனைப் பாடாணங்களுள் ஒன்றாக வைத்து எண்ணின. பாடாணம் என்னும் சொல் கல்லையும் குறிக்கும், நஞ்சையும் குறிக்கும்.

வெள்ளித் தாதுவினின்று வெள்ளியைப் பிரித்தெடுக்கப் பாதரசம் உதவும். பாதரசம் வெள்ளியைத் தன்னுள் ஏற்று இரசக்கலவையாகும். அக்கலவையைச் சூடேற்றினால் பாதரசம் ஆவியாகிவிட, வெள்ளி எஞ்சி நிற்கும். பார்த்தலோமே தே மெதினா என்பார் 1554-ஆம் ஆண்டளவில் மெக்சிகோவில் இம்முறையைப் பெருந்தொழிலாக்கினார். அதன்பின் பாதரசத்தின் தேவை பெருகிற்று. இசுபெயினில் உள்ள அல்மாடென், இன்று சுலோவீனியாவில் உள்ள இத்ரியா, பெரு நாட்டின் உவாங்கவெலிகா ஆகிய சுரங்கங்கள் உலகப் புகழ் பெற்றன. புகழ் சுரங்கங்களுக்கு, செல்வம் அரசர்களுக்கு, துன்பமோ தொழிலாளர்களுக்கு.

கந்தகத்தின் பிடியிலிருந்து விடுபட்ட பாதரசம் சாதாரண வெப்பநிலையிலேயே சிறிது சிறிதாக ஆவியாகும். அவ்வாவிக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஆதலின் அதனைச் சுவாசிப்போர் அறியமாட்டார். இத்ரியாச் சுரங்கத்திலோ சாதிலிங்கத்தோடு, பாதரசமும் துளித்துளியாகப் பாறைகளில் செறிந்திருந்தது. அங்கு உழைத்தோரின் ஈறுகள் வீங்கின, பற்கள் விழுந்தன, கைகள் நடுங்கின. உண்ணும் கவளத்தை வாய்க்குக் கொண்டுசெல்ல இயலாத அளவு நடுக்கம் முற்றியவரும் உளர். 1665-ஆம் ஆண்டில் இத்ரியாச் சுரங்கத் தொழிலாளரின் வேலைநேரம் நாளொன்றுக்கு ஆறு மணியாகக் குறைக்கப்பட்டது. தொழிலாளர் உடல்நலங் கருதிச் செய்யப்பட்ட மிகப் பழைய ஏற்பாடுகளுள் இதுவும் ஒன்று.

1754-ஆம் ஆண்டில் சியோவன்னி அந்தோனியோ சுகோபோலி என்னும் இளம் மருத்துவர் இத்ரியாவுக்கு வந்தார். அவர் தாவரவியலிலும் வல்லவர். தொழிலாளரின் நோய்களைப் பல்லாண்டு ஆராய்ந்து, இத்ரியாவின் பாதரசத்தைப் பற்றி 1761-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். தாதுவின் இயல்பையும் அதனைத் தோண்டுவோரின் நோயையும் ஒரே நூலில் வைத்து ஆராய்ந்தமையே அவர்தம் பெருமை. பொருளின் இயல்பை அறிபவர், அப்பொருள் மனிதருக்குச் செய்வதையும் அறிதல் வேண்டும் என்பதற்கு அந்நூல் ஓர் எடுத்துக்காட்டு.

இன்று இத்ரியாவிலும் அல்மாடெனிலும் சுரங்கத் தொழில் நின்றுவிட்டது. 2012-ஆம் ஆண்டில் அவ்விரண்டு இடங்களும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. சப்பானில் மினமாட்டா விரிகுடாவில் ஆலைக் கழிவாகக் கலந்த பாதரசச் சேர்மம், மீன்களின் வழியே மக்கள் உடலிற் சேர்ந்து பெருங்கேடு விளைத்தது. அந்நோய் 1956-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவ்வூரின் பெயரால் 2013-ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட உலக உடன்படிக்கை, 2017-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, உடன்பட்ட நாடுகளில் புதிய பாதரசச் சுரங்கங்கள் தோண்டலாகாது.

வெப்பமானி உடைந்து பாதரசம் சிந்தினால், அதன் உருண்டைகளைக் கையால் தொட்டு விளையாடுதல் தவறு. உடனே ஆசிரியரிடம் தெரிவித்தல் வேண்டும். ஆய்வுக்கூடங்களில் அவ்வாறு சிந்திய இடத்தில் கந்தகத் தூள் தூவும் வழக்கம் உண்டு. பாதரசம் மீண்டும் கந்தகத்தோடு கூடிச் சல்பைடாகி அடங்கும் என்பதே அதன் நோக்கம். மண்ணுக்குள் இயற்கை பூட்டி வைத்ததை நெருப்பினால் திறந்தான் மனிதன். அவன் அறிவே அதனை மீண்டும் பூட்டவும் கற்றது. ஒரு பொருளைப் பிரித்தெடுக்கும் திறமையோடு, அதனை அடக்கிக் காக்கும் பொறுப்பும் சேர்ந்தபோதே அறிவியல் நிறைவு பெறும்.