தவ்வையின் துடைப்பம்



மூதேவி என்று இன்று ஒதுக்கப்படும் தவ்வையைப் பற்றி நீ எழுதிய கட்டுரையை நேற்று இரவே படித்து முடித்தேன். பல்லவர் காலச் சிற்பம், பின்னால் வந்த புறக்கணிப்பு எல்லாம் உனக்கே தெரியும். எனக்கு எரிச்சல் மூட்டியது அந்தத் துடைப்பம்தான்.

காக்கைக் கொடியையும் துடைப்பத்தையும் பார்த்த மாத்திரத்தில், தவ்வையை மேல்நாட்டுச் சூனியக்காரிக்கு அக்காள் ஆக்கிவிட்டாய். இரண்டு பக்கத்துக்கும் அநியாயம். இங்கிலாந்தில் சூனியச் சட்டம் 1951-இல் ரத்தாகி, 1954-இல் ஜெரால்டு கார்ட்னர் புத்தகம் போட்ட பிறகு பரவிய விக்கா என்ற நவீனச் சூனிய நெறியில்கூட, துடைப்பத்தில் ஏறி யாரும் பறப்பதில்லை. சடங்குக்கு வட்டம் போடுமுன் இடத்தைக் கூட்டத்தான் எடுக்கிறார்கள். அந்தக் கார்ட்னர் 1900-இல் இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அதையாவது எழுதியிருக்கலாம்.

அடுத்தது மாந்தன். தாயின் பக்கத்தில் எருது முகத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையை, விக்காக்காரர்களின் கொம்புத் தெய்வம் என்கிறாய். அவர்களுடைய கொம்பன் தேவிக்கு இணை. காட்டுக்கும் வேட்டைக்கும் உரியவன். மாந்தன் தவ்வைக்கு மகனம்மா! மறுபக்கம் இருப்பவள் அவன் உடன்பிறந்த மாந்தி. கொம்பு இருக்கிறது என்பதற்காகத் தாயையும் பிள்ளையையும் ஜோடி சேர்ப்பதா?

வரைந்து பார்க்காமல் சிலையைப் பற்றி எழுதக்கூடாது. எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! செல்போனில் எடுத்த படம் கண்ணுக்கு வேலை வைப்பதில்லை. பென்சில் பிடித்தால்தான் சரிந்த வயிறும், யார் எந்தப் பக்கம் என்பதும் மனசில் ஏறும்.

சுங்குவார்சத்திரத்துப் பக்கம் இப்போதுள்ள கம்பெனிகள் வருவதற்கு முன்னால், சிலை தேடி அங்கே பஸ்ஸை விட்டு இறங்கி, வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு வாலாஜாபாத் சாலையில் போவோம். ஓர் ஏரிக்கரையில் துணி துவைக்கிற கல்லைப் புரட்டினால், தவ்வை! குப்புறக் கிடந்ததால் முகம் பிழைத்திருந்தது. சேற்றைக் கழுவக் கழுவ வலப்பக்கம் கொம்பு தெரிந்தது, தோளருகே காக்கை. துவைத்துக்கொண்டிருந்த அம்மா பதறிவிட்டார். "திருப்பிப் போட்டுடுங்க சாமி, காலங்காத்தால மூதேவி மூஞ்சில முழிக்க வெக்கிறீங்களே!"

அந்த அம்மா பயந்த தெய்வத்துக்குத்தான் 773-இல் திருப்பரங்குன்றத்தில் நக்கன் கொற்றி என்ற பெண் கோயில் எடுப்பித்தாள், துர்க்கைக்கும் எடுப்பித்த கையோடு. திருமாலையில் தொண்டரடிப்பொடியாழ்வார், சேட்டை என்ற இதே தவ்வையிடம் போய்ச் செல்வத்தை எதிர்பார்ப்பவர்களைக் கடிந்துகொள்கிறார். கடிந்துகொள்கிறார் என்றால், அவர் காலத்தில் அவளிடம் போய் நின்றவர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்கள் எதிர்பார்த்த செல்வம் எது? வாசல் குப்பையைக் கூட்டி எருக்குழியில் சேர்க்கிற துடைப்பத்துக்கும் அதற்கும் உறவு உண்டா? நீ தேடியிருக்க வேண்டிய இடம் இது. இங்கிலாந்துக்கு ஓடிவிட்டாய்.

இவ்வளவு திட்டிவிட்டேன். ஆனால் நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, ஹாஸ்டல் திண்ணையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்களைத் தவ்வையின் இருப்போடு சேர்த்து எழுதியிருக்கிறாயே, அந்தப் பத்திக்கு ஈடாகத் தவ்வையைப் பற்றி நான் எதையும் படித்ததில்லை. எழுந்துபோய் என் மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன்.

வார லீவில் காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலுக்குப் போ. தவ்வை அங்கே இருக்கிறாள். கோடு போடாத நோட்டு ஒன்று எடுத்துக்கொள். வரைந்து முடித்த பிறகு கொம்புப் பத்தியை அடித்துவிட்டு, துடைப்பத்தைத் திருத்தி எழுதி எனக்கு அனுப்பு. ஹாஸ்டல் பத்தியில் மட்டும் ஓர் எழுத்தைக்கூட மாற்றாதே.