களம் பழுதானால் கிடங்கு கெடுமா?
(பழைய லேப்டாப்பின் நினைவகக் கோளாறும் பரிகாரமும்)

சேர்வராயன் மலையில் மழைக்காலம் தொடங்கிவிட்டால் கரடியூர்ப் பக்கத்து வீடுகளுக்குள்ளும் பனிமூட்டம் புகுந்துவிடுகிறது. அந்த ஈரம் காபிக்கொட்டையை மட்டுமன்றி வீட்டிலுள்ள மின்கருவிகளையும் பாதிக்கின்றது. மாணவ மாணவியருக்கு லேப்டாப் வழங்கும் தமிழக அரசின் திட்டம் 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கிற்று. அன்று மாணவி பெற்ற கருவியில் இன்று வீட்டின் மிளகுக் கணக்கும் மகளிர் குழுவின் கடன் கணக்கும் இருக்கக் காண்கிறோம். ஆகவே அது பழுதானால் நஷ்டம் கருவியோடு நிற்பதில்லை.

கரடியூரில் ஒரு மகளிர் குழுவின் லேப்டாப் இவ்வாறு நின்றுபோயிற்று. விளக்கு எரிந்தது, விசிறி சுழன்றது, 'பீப்' என்ற ஒலி மாறி மாறிக் கேட்டது, திரையோ இருண்டே இருந்தது. பழுது பார்ப்பவர் ஒருவர், உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும் என்றாராம். மூன்று ஆண்டுக் கணக்கு அதில் இருந்தது; வேறு நகல் இல்லை. அப்பெண்களின் கவலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

இங்கே ஓர் உண்மையை அறிந்துகொள்வது அவசியம். கணினியில் ரேம் என்னும் நினைவகம் வேறு. ஹார்டு டிஸ்க் வேறு. ரேம் என்பது காபிக்கொட்டையைப் பரப்பி உலர்த்தும் களம் போன்றது. வேலை நடக்கும்வரை அதில் சரக்கு இருக்கும். மின்சாரம் நின்றதும் களம் காலியாகிவிடும். ஹார்டு டிஸ்க்கோ கிடங்கு. களத்தில் வெடிப்பு விழுந்தால் கிடங்கிலுள்ள மூட்டை கெடுவதில்லை. ஆனால் வெடித்த களத்திலே தொடர்ந்து உலர்த்தினால், கல்லும் மண்ணும் கலந்த சரக்கு கிடங்கிற்குப் போய்ச் சேரும். எனவே ரேம் பழுது என்று சந்தேகம் எழுந்தால் திரும்பத் திரும்ப இயக்குவதும், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றுவதும் தவறு.

செய்ய வேண்டிய முறை வருமாறு:

1. சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றுக. பேட்டரி உப்பியிருந்தால் அதனை மீண்டும் பயன்படுத்தலாகாது. பின்பு மின்விசையை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றுக.

2. இரும்பு ஜன்னல் கம்பியை ஒருமுறை தொட்டபின், அடிமூடியைத் திருப்புளியால் திறக்கவும். ரேம் பட்டையின் இரு பக்கத்துக் கொக்கிகளையும் விலக்கினால் பட்டை சாய்ந்து எழும்பும். அதன் ஓரங்களை மட்டுமே பிடிக்க வேண்டும்.

3. பொன்னிறமான பற்களை மெல்லிய அழிரப்பரால் இலேசாகத் தேய்த்து, துகள்களை அகற்றுக. மலைப்பகுதியில் படியும் அழுக்கும் ஈரமும் இதனால் நீங்கிப் பல கருவிகள் பிழைத்தெழும்.

4. இரண்டு பட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிச் சோதிக்கவும். ஒரு பட்டையை இரண்டு இடத்திலும் மாட்டிப் பார்த்தால், பழுது பட்டையிலா, மாட்டும் இடத்திலா என்பது தெளிவாகும்.

5. கருவி இயங்கினாலும் திருப்தி அடைந்துவிடலாகாது. இலவசமாகக் கிடைக்கும் மெம்டெஸ்ட்86+ என்னும் செயலியைப் பென் டிரைவில் ஏற்றி, ஒரு முழுச் சுற்றாவது ஓடவிடுக. ஒரே ஒரு பிழை காட்டினாலும் அப்பட்டையை நம்ப வேண்டாம்.

புதுப் பட்டை வாங்கும்போது பழைய பட்டையையும் எடுத்துச் செல்லுதல் நலம். லேப்டாப்பிற்குரிய டிடிஆர்3 பட்டைக்கு 204 பற்கள். டிடிஆர்4 பட்டைக்கு 260. வெட்டும் இடம் மாறியிருப்பதால் ஒன்று மற்றொன்றின் இடத்தில் பொருந்தாது, பலவந்தமாக அழுத்தலாகாது. 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என்ற வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். சில கருவிகளில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றைத் தேர்ந்தவரிடமே ஒப்படைக்க வேண்டும்.

கரடியூர்க் குழுவின் கருவியில் இரண்டு பட்டைகளில் ஒன்றுதான் பழுது. அதனை நீக்கியதும் கருவி சற்று மெதுவாகவேனும் இயங்கிற்று. கணக்கு முழுவதும் அப்படியே இருந்தது. முதல் வேலையாக அதனை இரண்டு பென் டிரைவுகளில் நகல் எடுக்கச் செய்தோம்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தத்தம் ஊரில் இளைஞர் ஒருவருக்கேனும் இம்முறையைப் பயிற்றுவிக்க ஏற்பாடு செய்வார்களாக. மாதக் கடைசியில் கணக்கை நகல் எடுக்கும் வழக்கமும் ஏற்பட்டுவிட்டால், ஒரு கருவி நின்றுபோவதால் ஒரு குழுவின் உழைப்பு வீணாகாது.