உங்கள் சைக்கிள் பயணத்தை ஜிபிஎஸ் சரியாக அளக்கிறதா? வேப்பூர் சாலையில் சோதிக்கும் முறை

வேப்பூர் கூட்டுரோட்டில் இருவர் ஒன்றாகக் கிளம்பி, விருத்தாசலம் போய், ஒன்றாகவே திரும்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவரின் போன் 45.3 கி.மீ. என்கிறது. மற்றவரின் கைப்பிடியில் மாட்டிய கருவி 44.6 கி.மீ. என்கிறது. ஏறிய உயரத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது: ஒன்றில் 60 மீட்டர், இன்னொன்றில் 210 மீட்டர். இரண்டும் பழுதான கருவிகள் அல்ல. ஒவ்வொன்றும் தன் வழியில் கணக்குப் போடுகிறது. அந்த வழியைத் தெரிந்துகொண்டால், எந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதை நாமே முடிவு செய்யலாம்.

அதைச் சோதிக்க வேப்பூர் நல்ல இடம். விழுப்புரம்–திருச்சி தேசிய நெடுஞ்சாலையும் (எண் 38) கடலூர்–சின்னசேலம் சாலையும் (எண் 532) இங்கே சந்திக்கின்றன. சாலையோரம் கிலோமீட்டர் கற்கள் உண்டு. வானத்தை மறைக்கும் மலையோ அடுக்குமாடியோ இல்லை. இங்கேயே கணக்கு தவறினால், கோளாறு கருவியின் அமைப்பில்தான் இருக்கும்.

முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள்

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் சமிக்ஞை வந்துசேரும் நேரத்தைக் கொண்டு கருவி தன் இடத்தைக் கணிக்கிறது. கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல அது நொடிக்கொரு புள்ளி வைக்க, ஆப் அவற்றைக் கோடிட்டு இணைக்கிறது. திறந்த வெளியில் ஒரு நல்ல போனின் புள்ளி உண்மையான இடத்திலிருந்து 5 மீட்டர்வரை விலகலாம். மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் நீங்கள் ஒரு நொடியில் கடப்பதும் அதே 5 மீட்டர்தான். ஆனால் அடுத்தடுத்த புள்ளிகள் பெரும்பாலும் ஒரே பக்கமாக விலகுவதால் மொத்த நீளம் அவ்வளவாகக் கெடுவதில்லை.

பிழை இரண்டு வகை. புள்ளிகள் தள்ளித்தள்ளி விழுந்தால் வளைவுகள் வெட்டுப்பட்டுத் தூரம் குறையும். புள்ளிகள் அலைபாய்ந்தால் கோடு நெளிந்து தூரம் கூடும்.

படி 1: கிளம்பும் முன் காத்திருங்கள்

ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தை 30 நொடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. கருவி அதை முழுதாக வாங்கிய பிறகே கணக்கு நிலைப்படும். வீட்டுக்குள்ளோ கடைத் தாழ்வாரத்திலோ பொத்தானை அழுத்தாதீர்கள். திறந்த வெளிக்கு வந்து, சமிக்ஞை கிடைத்ததாகத் திரை காட்டிய பிறகும் ஒரு நிமிடம் நின்று, பிறகு தொடங்குங்கள். தனிக்கருவி வைத்திருந்தால் முந்தின இரவே போனுடன் இணைத்துவிடுங்கள். செயற்கைக்கோள் விவரம் இணையம் வழியாக முன்கூட்டியே இறங்கிவிடும்.

படி 2: போனின் பேட்டரிச் சிக்கனத்தை நிறுத்துங்கள்

போனில் பதிவு செய்பவர்களுக்கு வரும் பெரிய தொல்லை இதுதான். திரை அணைந்ததும், பேட்டரியைக் காப்பாற்றுவதற்காகப் பல ஆண்ட்ராய்டு போன்கள் பின்னணியில் ஓடும் ஆப்பை முடக்கிவிடுகின்றன. வரைபடத்தில் சாலையை விட்டு விலகி வயல் வழியாக நேர்கோடு ஓடினால், அங்கே ஆப் தூங்கிவிட்டது என்று பொருள்.

அமைப்புகளில் அந்த ஆப்பின் பக்கத்துக்குப் போய்ப் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். துல்லியமான இருப்பிட அனுமதியைக் கொடுங்கள். சமீபத்தில் திறந்த ஆப்களின் பட்டியலில் அதைப் பூட்டி வைக்கும் வசதி இருந்தால் பூட்டிவிடுங்கள். பேட்டரி சேவர் அணைந்திருக்கிறதா என்று கிளம்பும்போது ஒருமுறை பாருங்கள்.

படி 3: பதிவு முறையைத் தேர்ந்தெடுங்கள்

கார்மின் போன்ற கருவிகளில் 'ஸ்மார்ட்' பதிவு, 'ஒவ்வொரு நொடியும்' பதிவு என இரண்டு முறைகள் உண்டு. முதலாவது நினைவகத்தை மிச்சப்படுத்தும்; ஆனால் திருப்பங்களில் புள்ளி குறையும். இரண்டாவதையே வையுங்கள்.

ஜிபிஎஸ்ஸுடன் குளோனாஸ், கலிலியோ, பெய்டூ ஆகிய செயற்கைக்கோள் அமைப்புகளையும் சேர்த்துப் பயன்படுத்தும் வசதி இருந்தால் இயக்குங்கள். இந்தியாவின் நாவிக் பட்டியலில் இருந்தால் அதையும் சேருங்கள். 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்விஎஸ்-01 செயற்கைக்கோள் முதல், பெரும்பாலான போன்கள் கேட்கும் எல்1 அலைவரிசையிலும் நாவிக் பேசத் தொடங்கியிருக்கிறது. எல்1, எல்5 என இரு அலைவரிசைகளையும் வாங்கும் கருவி, புளியமர நிழலிலும் கடைவீதியிலும் தெறித்துவரும் சமிக்ஞையைப் பிரித்தறிவதில் தேர்ந்தது.

படி 4: கிலோமீட்டர் கற்களை வைத்துத் தூரத்தைச் சோதியுங்கள்

ஞாயிறு விடியற்காலையில், நல்ல வெளிச்சம் வந்தபின் போங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், வேப்பூர் ஆட்டுச் சந்தைக்கு வரும் வண்டிகளும் கூட்டமும் சாலையை நிறைத்துவிடும். விருத்தாசலம் சாலையின் இடது ஓரமே போதும். நான்குவழிச் சாலையைவிடப் பாதுகாப்பானது.

ஒரு கல்லுக்கு நேராக நின்று 'லேப்' பொத்தானை அழுத்துங்கள். நெளியாமல் ஒரே சீராக ஓட்டி, ஐந்தாவது கிலோமீட்டர் முடியும் கல்லில் நின்று மறுபடி அழுத்துங்கள். ஒரு கி.மீ. மட்டும் அளந்து முடிவுக்கு வராதீர்கள். சாலை அகலப்படுத்தும்போது கற்கள் இடம் மாறி நடப்பட்டிருக்கலாம். திரும்பி வரும்போதும் அளந்து சராசரி எடுங்கள்.

5 கி.மீ.க்கு 5.04 காட்டினால் பிழை 0.8 சதவீதம். ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் கவலை வேண்டாம். இரண்டைத் தாண்டினால் முதல் மூன்று படிகளையும் திரும்பப் பாருங்கள்.

படி 5: சக்கர சென்சார் இருந்தால் சுற்றளவை நீங்களே அளங்கள்

சக்கரத்தின் சுற்றை எண்ணும் சென்சாருக்கு வானம் தேவையில்லை. மரநிழலிலும் பாலத்தடியிலும் பிசகாது. ஆனால் நீங்கள் கொடுக்கும் சுற்றளவு சரியாக இருக்க வேண்டும். டயரில் வழக்கமான காற்று அடியுங்கள். வால்வு தரைக்கு நேராக இருக்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். சைக்கிளில் உட்கார்ந்தபடி ஐந்து முழுச் சுற்று உருட்டி, மறுபடி கோடு போட்டு, நீளத்தை ஐந்தால் வகுங்கள்.

நம் ஊர் பழைய 28 அங்குல சைக்கிளுக்கு இது சுமார் 2,224 மில்லிமீட்டர் வரும். 700×25 டயருக்குச் சுமார் 2,105. முதலாவது சக்கரத்துக்கு இரண்டாவது எண்ணைக் கொடுத்துவிட்டால், 100 கி.மீ. ஓட்டினாலும் 95-க்குக் குறைவாகவே காட்டும்.

படி 6: உயரத்தைச் சந்தேகத்தோடு படியுங்கள்

கடல் மட்டத்துக்கு மேலே இருக்கும் ஊரில் சில ஆப்கள் உயரத்தை மைனஸில் காட்டுவது பலரைக் குழப்புகிறது. ஜிபிஎஸ் அளப்பது கடல் மட்டத்திலிருந்து அல்ல, பூமிக்காகக் கணிதத்தில் வரைந்த ஒரு சீரான முட்டை வடிவத்திலிருந்து. இந்தியாவுக்குத் தெற்கே ஈர்ப்பு விசை சற்றுக் குறைவு என்பதால், இந்தப் பகுதியில் கடல் மட்டம் அந்த வடிவத்துக்குக் கீழே இறங்கியிருக்கிறது. இந்தியப் பெருங்கடலில் அந்த இறக்கம் 100 மீட்டரைத் தாண்டும். நம் பக்கத்தில் ஏறத்தாழ 90 மீட்டர். இதைத் திருத்தாத ஆப், 50 மீட்டர் உயரமுள்ள ஊரை மைனஸ் 40 என்று காட்டும். இது எல்லாப் புள்ளிக்கும் ஒரே அளவில் இருப்பதால் 'மொத்தம் ஏறிய உயரம்' கெடாது.

காற்றழுத்தமானி உள்ள கருவிக்கு வேறு சிக்கல். ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினால் அது 8 மீட்டருக்கு மேல் உயர வித்தியாசமாகக் கணக்கிடும். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் அழுத்தம் தினமும் இருமுறை ஏறி இறங்குகிறது: காலை, இரவு 10 மணியை ஒட்டி உச்சம், அதிகாலை, மாலை 4 மணியை ஒட்டித் தாழ்வு. ஆகவே விடியலில் கிளம்பி 10 மணிக்கு வீட்டு வாசலுக்கே திரும்பினாலும், வாசல் 15, 20 மீட்டர் தாழ்ந்துவிட்டதாகக் காட்டலாம். பிற்பகலில் இது தலைகீழாகும். மழையோ வியர்வையோ சென்சார் துளையை அடைத்தால் உயரம் திடீரென்று தாவும். துளையைத் துடைத்துக் காயவிடுங்கள்.

அழுத்தமானி இல்லாத போனுக்கு, ஆப் நிலப்பட உயரத்தை வைத்துத் திருத்துகிறது. அந்தப் படத்துக்குப் பாலம் தெரியாமல் போகலாம். விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றுப் பாலத்தைக் கடந்தவர், ஆற்றுக்குள் இறங்கி ஏறியதாகப் பதிவாகும். சமதளத்தில் இருநூறு மீட்டர் ஏறியதாக வந்தால் அதைச் சாதனைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

படி 7: எந்த நேரம் என்று கேளுங்கள்

ஸ்ட்ராவா ஆப்பில் ஓடிய நேரம் வேறு, கழிந்த நேரம் வேறு. டீக்கடையில் நின்ற அரைமணி முதலாவதில் வராது, இரண்டாவதில் வரும். சராசரி வேகம் ஓடிய நேரத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. நெரிசலில் மெதுவாக உருட்டும்போது தானியங்கி நிறுத்தம் சில மீட்டர்களை விழுங்கவும் கூடும். பிரெவே எனப்படும் நெடுந்தூர ஓட்டங்களுக்குத் தயாராகிறவர்கள் கழிந்த நேரத்தையே பாருங்கள். 200 கி.மீ.க்கு அங்கே தரும் 13 மணி 30 நிமிடத்தில் சாப்பாடும் பஞ்சரும் அடங்கும்.

படி 8: பதிவை ஒருமுறை கண்ணால் பாருங்கள்

வேக வரைபடத்தில் மணிக்கு 80 கி.மீ. என ஒரு கூர்முனை தெரிந்தால் அது ஒரு புள்ளி எகிறியதால் வந்தது. நிறுத்த மறந்து வண்டியில் ஏறியிருந்தால் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுப் பதிவேற்றுங்கள். வெட்டாமல் விட்டால், அந்தச் சாலையின் வேகப் பட்டியலில் உண்மையாக உழைத்து ஓட்டியவரின் இடத்தை அது பறிக்கும். வீட்டைச் சுற்றியுள்ள பகுதியை மறைக்கும் வசதியையும் இயக்குங்கள்.

கலோரியைக் கடைசியாகப் பாருங்கள். இதயத்துடிப்போ பெடல் விசையோ அளக்காத ஆப், உங்கள் எடையையும் வேகத்தையும் வைத்தே அதை ஊகிக்கிறது. ஆடிக்காற்றை எதிர்த்து விருத்தாசலத்திலிருந்து வேப்பூருக்கு மிதிக்கும்போது வேகம் குறையும், உழைப்பு கூடும். ஆப்போ உழைப்பும் குறைந்ததாகவே எண்ணும்.

நினைவில் வைக்க

தூரத்தை நம்புங்கள், சராசரி வேகத்தை எந்த நேரத்தால் வகுத்தது என்று பார்த்து நம்புங்கள், ஏறிய உயரத்தைத் தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள், கலோரியை வைத்துச் சாப்பாட்டை முடிவு செய்யாதீர்கள். நண்பரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடுவதால் பயனில்லை. ஒரே கருவி, ஒரே அமைப்பு, ஒரே பாதை என்று வைத்துக்கொண்டால், போன மாதத்தைவிட இந்த மாதம் நீங்கள் முன்னேறியிருக்கிறீர்களா என்பதை அது சரியாகவே சொல்லும். போனையோ டயரையோ மாற்றினால் அந்தத் தேதியைக் குறித்துவைத்து, ஐந்து கிலோமீட்டர் சோதனையை மறுபடி செய்யுங்கள்.