முட்டியை இறக்கிவிட்டு மருந்தைத் தேடுங்கள்

மன்னாரில் பட்ஜி என்று கேட்டால் பாதிப் பேருக்கு விளங்காது. லவ் பேர்ட்ஸ் என்றால்தான் விளங்கும். அந்தப் பெயரை நம்பித்தான் ஒரு சின்னக் கூட்டுக்குள் ஐந்தாறு குருவிகளை விட்டு, இரண்டு மண் முட்டிகளையும் கட்டித் தொங்கவிட்டு, இனி அவை ஒன்றோடொன்று அன்பாக இருந்துகொள்ளும் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் லவ் பேர்ட் என்பது ஆபிரிக்காவைச் சேர்ந்த வேறொரு கிளியினம். நாங்கள் வளர்ப்பது அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டு வெளிகளில் பெருங்கூட்டமாக அலைந்து திரியும் பட்ஜரிகார். 1840இல் ஜோன் கூல்ட் என்ற பறவையியலாளர் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோன பிறகுதான் அது வீட்டுப் பறவையாகிப் பரவியது.

போன மாரியில் எங்கள் ஒழுங்கையிலுள்ள பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி சப்பாத்துப் பெட்டி ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே ஒரு நீலப் பேடு. பிடரியில் இறகே இல்லை, சிவந்த தோல் தெரிந்தது. சொண்டுக்கு மேலுள்ள மூக்குச் சதையில் காய்ந்த இரத்தம் கடுகளவுக்குக் கறுத்து ஒட்டியிருந்தது. ஒரு கால்விரல் வீங்கியிருந்தது.

“சொறி வருத்தமாம் மாமா. கடையில மருந்து தந்தவை. பூசினனான், இன்னும் கூடிட்டுது.”

“கூட்டுக்குள்ள எத்தினை நிக்குது பிள்ளை?”

“அஞ்சு.”

“முட்டி?”

“ரெண்டு.”

போய்ப் பார்த்தேன். அந்த ஐந்தில் மூன்று பேடு. சொறியும் இல்லை, வருத்தமும் இல்லை. இரண்டு முட்டிக்கு மூன்று பேடுகள் அடிபட்டுக்கொண்டிருந்தன. வருகிற மாரிக்குள் இன்னும் எத்தனையோ வீடுகளில் இது நடக்கும் என்பதால்தான், என்ன செய்ய வேண்டும் என்பதை ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

முதல் வேலை: பிரித்து வையுங்கள்

இரத்தம் கண்ட குருவியை அந்தக் கூட்டிலேயே விடக் கூடாது. சிவப்பைக் கண்டால் மற்றவையும் வந்து கொத்தும். காற்றோட்டத் துளையிட்ட காட்போட் பெட்டியோ சின்னக் கூடோ போதும். அடியில் பழைய துவாயை விரித்து, தீனியையும் தண்ணீரையும் எட்டும் தூரத்தில் வைத்து, சத்தமில்லாத ஓர் அறையில் வையுங்கள். அடிபட்ட குருவிக்குச் சூடு வேண்டும், எங்கள் பகல் வெப்பமே அதற்குப் போதும். வாடைக்காற்று வீசும் இரவுகளில் மட்டும் பெட்டியின் ஒரு பக்கத்துக்கு வெளியே ஒரு மின்குமிழை எரியவிட்டால் நல்லது. ஒரு பக்கம் மட்டும், சூடு கூடினால் மறுபக்கம் போய் நிற்க அதற்கு இடம் வேண்டும்.

இரத்தம் இன்னும் கசிந்தால் காயத்தில் கொஞ்சம் சோள மாவை வைத்து, சுத்தமான துணியால் இரண்டு மூன்று நிமிடம் மெல்ல அழுத்திப் பிடியுங்கள். நெஞ்சை இறுக்கிப் பிடிக்க வேண்டாம், குருவிக்கு நெஞ்சு அசைந்தால்தான் மூச்சு. ஒரு பட்ஜியின் நிறை 35 கிராம் அளவுதான். அதன் உடம்பில் ஓடும் இரத்தம் எல்லாம் சேர்த்தே மூன்று மில்லிலீற்றர் அளவு, ஒரு தேக்கரண்டிகூட நிறையாது. அதனால் எங்களுக்குச் சில துளியாகத் தெரிவது அதற்குப் பெரிய இழப்பு. பத்து நிமிடத்தில் நிற்காவிட்டால் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோய்விடுங்கள்.

எண்ணெய் பூசாதீர்கள். தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய், எதுவும் வேண்டாம். எண்ணெய் பட்ட இறகுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், உடம்புச் சூட்டைக் காக்கும் வேலை நின்றுவிடும். அந்தப் பிள்ளை பூசிய மருந்திலும் எண்ணெய்தான் இருந்தது.

அடுத்தது, அடித்த குருவி. அடிபட்டதை மட்டும் வெளியே எடுத்தால் அடித்தது அடுத்ததைப் பிடிக்கும். அரை மணித்தியாலம் தள்ளி நின்று பாருங்கள். யார் துரத்துகிறது, யார் முட்டி வாசலில் குந்தியிருந்து சொண்டைத் திறந்து காட்டுகிறது என்று தெரிந்துவிடும். அநேகமாக அது ஒரு பேடாகத்தான் இருக்கும். அதை இரண்டு கிழமைக்கு வேறு கூட்டில் வையுங்கள்.

இறகு எங்கே இல்லை?

இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு குருவியின் சொண்டு அதன் தலைக்கும் பிடரிக்கும் எட்டாது. எனவே நெஞ்சிலும் முதுகிலும் இறகு ஒழுங்காக இருந்து, தலையும் பிடரியும் மட்டும் மொட்டையாக இருந்தால் பிடுங்கியது இன்னொரு குருவி. கூடவே மூக்குச் சதையிலும் விரல்களிலும் காயம் இருந்தால் சந்தேகமே இல்லை. தலை அழகாக இருக்க, நெஞ்சும் செட்டையின் அடிப்பக்கமும் பிய்ந்திருந்தால் அது தன்னைத் தானே பிடுங்குகிறது. தனிமை, அரிப்பு, உள்ளே ஏதும் வருத்தம், இவற்றில் ஒன்று காரணமாக இருக்கும். இதைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நாள் எடுக்கும்.

கூட்டின் அடியில் நிறைய இறகு கிடந்தும் குருவியில் எங்கும் வெறுந்தோல் தெரியவில்லையென்றால், உச்சியில் வெள்ளை முள்ளுப் போலச் சின்னச் சின்னக் குருத்துகள் நின்றால், அது இறகு மாற்றும் காலம். குஞ்சுகள் மூன்று நான்கு மாதத்தில் முதன்முறை மாற்றும், பிறகு வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை. அப்போது குருவி கொஞ்சம் சோர்ந்து, எரிச்சலோடு இருக்கும். மருந்து எதுவும் வேண்டாம். அந்த முள்ளுகளைக் கையால் உரித்துவிடவும் வேண்டாம், வளரும் குருத்துக்குள் இரத்தம் ஓடுகிறது.

முட்டியை விட்டு வெளியே வந்த இளங்குஞ்சுக்குச் செட்டையிலும் வாலிலும் உள்ள பெரிய இறகுகள் உதிர்ந்து, பறக்க முடியாமல் தரையில் ஓடித் திரிந்தால் விஷயம் வேறு. பிரெஞ்சு மோல்ட் என்று சொல்லும் இதன் பின்னால் வைரஸ் தொற்று இருக்கும். கொழுவலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இனப்பெருக்கத்தை உடனே நிறுத்துங்கள். அந்தக் கூட்டிலிருந்து ஒரு குருவியையும் யாருக்கும் கொடுக்காதீர்கள், விற்காதீர்கள். முட்டிக்குள் இருக்கும் குஞ்சின் முதுகு மட்டும் மொட்டையாக இருந்தால், அடுத்த முட்டைக்கு அவசரப்படும் தாய் பிடுங்கியிருக்கும். குஞ்சு முட்டியை விட்டு வந்ததும் இறகு திரும்ப முளைத்துவிடும்.

பேடுகளை எண்ணுங்கள்

மூக்குச் சதையைப் பாருங்கள். வளர்ந்த சேவலுக்கு அது நல்ல நீலம். பேட்டுக்கு மண்ணிறம், அல்லது மூக்குத் துவாரத்தைச் சுற்றி வெள்ளை வளையம் தெரியும் வெளிறிய நீலம். இந்த வெளிறிய நீலத்தைக் கண்டு சேவல் என்று நினைத்து வாங்கி ஏமாறுகிறவர்கள் பலர். முழு மஞ்சள், முழு வெள்ளைக் குருவிகளில் சேவலின் மூக்கும் இளஞ்சிவப்பாகவே நின்றுவிடும். அங்கே நிறத்தை நம்ப முடியாது, நடத்தையைத்தான் பார்க்க வேண்டும். தலையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டு மற்றதுக்கு ஊட்டிவிடுவது சேவல்.

சோடியில்லாத பேடு ஒன்றுகூட அந்தக் கூட்டில் இருக்கக் கூடாது. அது இன்னொன்றின் முட்டிக்குள் புகுந்து முட்டையை உடைக்கும், குஞ்சைக் கொல்லவும் செய்யும். குஞ்சு பொரிக்க வைக்கும் எண்ணமே இல்லை, பாட்டும் பேச்சும் கேட்டால் போதும் என்றால் சேவல்களை மட்டும் வளர்த்துப் பாருங்கள். நான் கண்ட அமைதியான கூடுகள் அவைதான்.

முட்டி

பட்ஜிகளுக்கு மாதக் கணக்கில்லை. அவற்றின் சொந்த நாட்டில் மழை பெய்து புல் விதை கட்டும்போதுதான் பொந்து தேடும். எங்கள் மன்னார்த் தீவும் வைகாசி தொடங்கி வறண்டு கிடந்து ஐப்பசியில்தான் நனைகிறது. முதல் மழையோடு என் குருவிகள் முட்டி வாசலைக் கொறிக்கத் தொடங்குவதை வருடா வருடம் பார்க்கிறேன். பொந்து என்று ஒன்று கண்ணில் பட்டால் பேடு அதைத் தனதாக்கிக்கொள்ளத்தான் பார்க்கும். அதற்கு அது குணக்கேடு இல்லை, பிழைப்பு.

முட்டையோ குஞ்சோ இல்லாவிட்டால் எல்லா முட்டிகளையும் இன்றைக்கே இறக்குங்கள். முட்டை இருந்தால் பொறுங்கள். பொரிக்க 18 நாள் அளவு, குஞ்சு வெளியே வர இன்னும் ஐந்து கிழமை. அதுவரை அந்தச் சோடியைத் தொடாமல் மற்றவற்றை வேறு கூட்டுக்கு மாற்றுங்கள். முட்டியை எடுத்த பிறகும் தீனிச் சட்டிக்குள்ளோ மூலையிலோ குந்தியிருக்கும் பேட்டுக்கு வெளிச்சத்தைக் குறையுங்கள். பொழுதுபட்டதும் துணியால் மூடிவிட்டால் பதினொரு பன்னிரண்டு மணித்தியாலம் உறங்கும், சூடும் தணியும்.

குஞ்சு எடுக்க விரும்பினால் ஒரு கூட்டுக்கு ஒரு சோடி. அது முடியாமல் கூட்டமாக வைத்தால் நான்கு சோடிக்கு ஆறு முட்டியாவது, எட்டு என்றால் இன்னும் நல்லது. எல்லாவற்றையும் ஒரே உயரத்தில், ஒரே நாளில் கட்டுங்கள். உயரத்தில் இருக்கும் முட்டிக்குத்தான் எல்லாப் பேடும் அடிபடும். நடுவில் புதுக் குருவி ஒன்றை விடவே கூடாது.

விலகிப் போக இடம்

2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட வங்காலையில் மாரிக்கு வந்து இறங்கும் நீர்ப்பறவைகளைப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் நின்றாலும் ஒன்று சீறினால் மற்றது நாலடி தள்ளிப் போய் நிற்கும், அதோடு சண்டை முடிந்தது. கூட்டுக்குள் தோற்ற குருவிக்கு அந்த நாலடி கிடைப்பதில்லை. பிடரி மொட்டையாவது அதனால்தான்.

பட்ஜி கிடையாகப் பறக்கும் பறவை. அதனால் உயரமான கூட்டைவிட நீளமான கூடு நல்லது. ஒரு சோடிக்கு இரண்டடி நீளம் ஆகக் குறைந்தது. நான்கு குருவிக்கு நாலடி. ஒரு தீனிச் சட்டிக்குப் பதில் இரண்டு மூன்று சட்டிகளை எட்ட எட்ட வையுங்கள், ஒன்று மற்றொன்றைக் காவல் காக்க முடியாது. ஒரே தடிப்பில் பிளாஸ்டிக் தடிகளைப் போடாமல் வேம்பு, கொய்யாக் கொப்புகளை வெவ்வேறு உயரத்தில் கட்டுங்கள். பட்டையைக் கொறிக்கும் வேலை இருந்தால் மற்றதைக் கொறிக்கும் வேலை குறையும். புதுக் கம்பிவலை வாங்கினால் வினாகிரி போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவிட்டுப் பூட்டுங்கள். அதிலுள்ள துத்தநாகப் பூச்சு கிளியினத்துக்கு நஞ்சு.

கூடு வைக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். தகரக் கூரையின் கீழ் மத்தியானம் செட்டையை அகட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கும் குருவிக்குப் பொறுமை இருக்காது. சோளகம் வீசும் மாதங்களில் தெற்கு, மேற்குப் பக்கங்களில் பனையோலைத் தட்டி கட்டினால் மணலும் காற்றும் அடிக்காது. ஈரமான முருங்கைக் கொத்தைக் காலையில் தொங்கவிடுங்கள், இலையில் உருண்டு குளித்துவிட்டு இலையையும் தின்னும். நுளம்புச் சுருளைக் கூட்டுக்குப் பக்கத்தில் கொளுத்தாதீர்கள். விறாந்தையில் இரவில் பூனை வந்தால் குருவிகள் இருட்டில் கம்பியில் மோதி வாலிறகை இழக்கும். விடிய வால் இல்லாமல் நிற்கும் குருவிக்குக் காரணம் பல நேரம் இதுதான்.

திரும்ப முளைக்க

இறகு அநேகமாக முழுவதுமே புரதம். வெறும் தினையிலும் சாமையிலும் வளரும் குருவிக்குப் பிடுங்கப்பட்ட இறகை ஈடுசெய்யப் பொருள் போதாது. கிழமைக்கு இரண்டு தடவை அவித்த முட்டையைச் சிறிதளவு மசித்து வையுங்கள், எங்கள் வெக்கையில் ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு எடுத்துவிட வேண்டும். முளைகட்டிய பயறு, துருவிய கரட், முருங்கை, வல்லாரை எல்லாம் நல்லது. அவகாடோ மட்டும் கூடவே கூடாது. தண்ணீர் நீங்கள் குடிக்கும் தண்ணீராகவே இருக்கட்டும், உவர்க் கிணற்று நீர் வேண்டாம்.

சுண்ணாம்புச் சத்துக்குக் கடையில் காசு கொடுக்கத் தேவையில்லை. பேசாலைக் கரையில் கணவாய் ஓடு ஒதுங்கிக் கிடக்கும். வெள்ளையாக, உடையாமல் இருப்பதைப் பொறுக்கி, மூன்று நான்கு நாள் நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, தினமும் தண்ணீரை மாற்றி உப்பைப் போக்குங்கள். பிறகு மணம் போகும் வரை வெயிலில் காயவைத்து, மெத்தென்ற பக்கம் உள்ளே பார்க்கக் கம்பியால் கட்டிவிடுங்கள்.

செள்ளு இருக்கிறதா என்று பார்க்க, இரவில் கூட்டை வெள்ளைத் துணியால் மூடிவிட்டு விடியமுன் அந்தத் துணியை விரித்துப் பாருங்கள். சிவப்புப் புள்ளிகள் ஊர்ந்தால் அது பகலில் முட்டியின் விளிம்பிலும் மரப் பொருத்துகளிலும் ஒளிந்து, இரவில் இரத்தம் குடிக்கும் செள்ளு. குருவிகளை மாற்றிவிட்டுக் கூட்டுக்குக் கொதிநீர் ஊற்றிக் காயவையுங்கள், பழைய முட்டிகளை உடைத்துப் போடுங்கள். சொண்டைச் சுற்றித் தேன்கூடு போலப் பொருக்கு ஏறியிருந்தால் அது வேறொரு பூச்சி. அதற்கு வைத்தியர் ஐவர்மெக்டினைக் குருவியின் நிறைக்கு அளந்து கொடுப்பார். ஆட்டுக்கு வாங்கிய மருந்தில் ஒரு துளி என்று நீங்களாக வைத்தால் குருவி செத்துப்போகும்.

எந்தப் புதுக் குருவியையும் 30 நாள் வேறு அறையில் தனியாக வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள். விலக்கி வைத்த சண்டைக்காரியைத் திரும்ப விடும் நாளில், முதலில் கொப்புகளையும் சட்டிகளையும் இடம் மாற்றிக் கட்டுங்கள். மற்றவை எல்லாம் உள்ளே போய்ப் பழகிய பின், கடைசியாக அதை விடுங்கள். பழைய இடம் இல்லாததால் முதல் சில நாள் அது அடங்கியே நிற்கும், அந்த நாட்களில் கவனித்துக்கொள்ளுங்கள். மீண்டும் பாய்ந்தால் அதற்கு வேறு வீடுதான் பார்க்க வேண்டும்.

அடியோடு பிடுங்கப்பட்ட இறகு ஐந்தாறு கிழமையில் முளைக்கும். நடுவில் முறிந்தது, அடுத்து இறகு மாற்றும் வரை அப்படியே நிற்கும். நீலப் பேட்டின் முட்டிகளை இறக்கி, மூன்றாவது பேட்டைப் பள்ளிமுனையில் சேவல் மட்டும் தனியாக நின்ற ஒரு வீட்டுக்குக் கொடுத்தோம். ஐந்தாம் கிழமை அந்தப் பிள்ளை மறுபடி வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். பிடரியில் வெள்ளை முள்ளுகள் வரிசையாகக் குத்தி நின்றன, சிலவற்றின் நுனி விரிந்து நீலம் எட்டிப் பார்த்தது. பக்கத்தில் நின்ற சேவல் அந்த முள்ளுகளைச் சொண்டால் ஒவ்வொன்றாக மெல்ல நெருடிவிட, பேடு கண்ணை மூடித் தலையைக் குனிந்து கொடுத்துக்கொண்டிருந்தது.