ஊர் வரலாறும் உபாசகர் கடமையும்



ஞாயிறுதோறும் நாம் கூடித் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்கின்றோம், தம்மம் கேட்கின்றோம், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுகின்றோம். இவை யாவும் நன்றே. ஆயினும் நம் சங்கங்கள் பலவற்றில் ஒரு பணி மட்டும் எவராலும் தொடப்படாமற் கிடக்கின்றது. அஃது யாதெனின், நாம் வாழும் ஊரின் வரலாற்றையும், நமது சங்கத்தின் வரலாற்றையும் தேடித் தொகுத்துக் காத்தலாம். இதனைப் பட்டம் பெற்றோர் வேலையென்று ஒதுக்குதல் தகாது. இஃது உபாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய கடமை என்பதே இப்பாடத்தின் பொருள்.

முதற் சங்காயனம் கற்பிப்பது

பகவன் பரிநிர்வாணம் எய்திய பின்னர், மகாகாசியபர் தலைமையில் ஐந்நூறு அரகந்தர் இராசகிருகத்திற் கூடினர் என்று நம் மரபு கூறும். கூடியவர் புதிதாக ஒன்றும் இயற்றினாரல்லர். கேட்டதைக் கேட்டவாறே ஓதி, ஒப்புநோக்கி, அனைவரும் உடன்பட்டதைக் காத்தனர். காசியபர் வினவ, உபாலி விநயத்தை உரைத்தார்; ஆனந்தர் தம்மத்தை உரைத்தார். இவ்விதி எவ்விடத்தில் பிறந்தது, எவரை முன்னிட்டுப் பிறந்தது, எப்பொருள் பற்றிப் பிறந்தது என்று ஒவ்வொன்றுக்கும் வினா எழுந்தது. விடை கிடைத்த பின்னரே அவை அதனை ஏற்றது.

உபாலி யாவர்? சாக்கியரிடத்து நாவிதத் தொழில் புரிந்தவர். அரச குலத்தினின்று வந்த பிக்குகளும் இருந்த சங்கத்தில், விநயம் முழுவதும் அவர் நாவினின்றே பெறப்பட்டது. அவருடைய பிறப்பை எவரும் கேட்டிலர். செவ்வையாகக் கேட்டாரா, பிசகாது நினைவிற் கொண்டாரா என்பதே பார்க்கப்பட்டது. ஆதலின் வரலாற்றைக் காக்கும் தகுதி குலத்தாலோ பட்டத்தாலோ வருவதன்று. கவனத்தாலும் வாய்மையாலும் வருவதென உணர்க.

பெங்களூர் தரும் சான்று

இக்காலத்துச் சான்றொன்றும் காண்போம். 1909-ஆம் ஆண்டு பெங்களூரில் மிதிக் சொசைட்டி என்னும் சங்கம் நிறுவப்பெற்றது. சொற்பொழிவு நடத்துதல், நூலகம் பேணுதல், காலாண்டு இதழ் வெளியிடுதல் ஆகியவற்றால் அந்நாட்டு வரலாற்றை அது வளர்த்து வந்துள்ளது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1905-இல், பி. எல். ரைஸ் என்பார் பெங்களூர், கோலார் மாவட்டங்களின் கல்வெட்டுகளை நூலாக வெளியிட்டிருந்தார். சோழராட்சி அப்பகுதியிற் பரவியிருந்தமையால், அவற்றுள் தமிழ்க் கல்வெட்டுகளும் பல உள. தொம்மலூர், மடிவாளம் ஆகிய இடங்களின் பழங்கோயில்களில் அத்தகைய தமிழ் எழுத்துகளைக் காணலாம்.

நகரம் பெருகப் பெருக, நூலிற் குறிக்கப்பட்ட கற்கள் பல மண்ணில் மறைந்தன, சில உடைபட்டன. இதனைக் கண்டு வருந்திய நகரத்தார் சிலர், தத்தம் தொழிலினிடையே ஓய்வு நாட்களில் தெருத்தெருவாகச் சென்று கற்களைத் தேடலாயினர். 2018-இல் ஹெப்பாளத்தில் வடிகால் தோண்டுகையில் ஒரு கல் வெளிப்பட்டது. அது எட்டாம் நூற்றாண்டைச் சார்ந்த கன்னடக் கல்வெட்டு. போரில் உயிர்நீத்த கித்தையா என்பானை நினைந்து நிறுவியது. அன்பர்கள் பொருள் திரட்டி அதற்கொரு மண்டபமும் அமைத்தனர். 2021 முதல் மிதிக் சொசைட்டியார், கல்வெட்டுகளை ஒளிக்கருவி கொண்டு முப்பரிமாண உருவாகப் பதிந்து வைக்கும் பணியை மேற்கொண்டனர். கல் அழியினும் எழுத்து அழியாதன்றோ!

இங்கு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. கித்தையா பேரரசனல்லன். எனினும் ஆயிரத்திருநூறு ஆண்டுகள் கடந்தும் அவன் பெயர் நிற்கின்றது. நூறாண்டுக்கு முன் நம் சங்கத்திற்குத் தம் கூலியிற் காலணா ஈந்த பாட்டனார் பெயரை நம்மில் எத்துணைப் பேர் அறிவோம்?

நம் ஏடுகள் பிழைத்த விதம்

திருக்குறள் ஓலைச் சுவடியைத் தம் பாட்டனார் கந்தப்பன் எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்த செய்தியைப் பண்டிதர் அயோத்திதாசர் எழுதியுள்ளார். கந்தப்பன் ஆங்கிலத் துரையொருவரிடம் பட்லராகப் பணி செய்தவர். கல்வியற்றோர் என்று பிறர் இகழ்ந்த இல்லத்தில் ஏடுகள் பேணப்பட்டிருந்தன.

அப்பண்டிதர் 1898-இல் இலங்கை சென்று பஞ்சசீலம் பெற்று, சென்னை இராயப்பேட்டையிற் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். 1907-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் ஒரு பைசாத் தமிழன் இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு அது தமிழன் எனப் பெயர் பெற்றது. 1914-இல் அவர் மறைந்தார். பின்னர் 1926-இல் கோலார் தங்கவயலில் அப்பாதுரையார் அவ்விதழை மீளவும் நடத்தினார். அவ்வூரிலேயே சித்தார்த்த புத்தகசாலையார் பண்டிதரின் நூல்களை அச்சிட்டனர். பிற்காலத்தில் அவ்விதழ்கள் காண்பதற்கும் அரியவாயின. ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் 1999-இல் வெளிவந்த பின்னரே நாடெங்கும் அறிஞர் பண்டிதரைப் பயிலலாயினர். பழைய தாளென்று அடுப்பிலிடாது அவ்விதழ்களை யாரோ சிலர் பெட்டியில் வைத்துக் காத்திராவிடின், தொகுப்பதற்கு யாது எஞ்சியிருக்கும்?

இன்றுள்ள இடர்

தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீபிலும் தலைமுறைகளாக வாழ்ந்த நம் மக்கள் பிழைப்பு நாடிப் பிரிந்தனர். இரயிலேறி நாள்தோறும் பெங்களூர் சென்று திரும்புவோர் பலர். குடிபெயர்ந்து சென்றோரும் பலர். வீடு மாறும்போது முதலில் எறியப்படுவது பழந்தாளே. முதியவர் ஒருவர் மறையுந்தோறும், அச்சேறாத வரலாறும் அவருடன் மறைகின்றது.

ஆலைத் தறியின் முன் நெடுங்காலம் நின்ற நாம் ஒன்றறிவோம். பாவில் ஓரிழை அறுந்தால் அப்போதே தறியை நிறுத்தி முடிச்சிடல் வேண்டும். விட்டுவிட்டால் குறை துணி நெடுகச் செல்லும். பின்னர் எவர் முயன்றும் சீர்செய்ய இயலாது. நினைவின் இழையும் அத்தன்மைத்தே.

கிளைதோறும் செய்யத்தக்கன

1. ஐவர் கொண்ட வரலாற்றுக் குழுவொன்றை அமைக்க. அவருள் இருவரேனும் பெண்பாலராயிருத்தல் நலம். திருமணம், பிள்ளைப்பேறு, பஞ்சம், இடப்பெயர்ச்சி ஆகியவற்றை நம் தாய்மார் நினைவிற் கொண்டிருப்பது பெரிது. அதனைப் பெண்களிடமே அவர் தடையின்றிச் சொல்லுவர்.

2. மாதம் ஒரு முதியவரை நாடிச் செல்க. அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே எழுதுக. இசைவு பெற்றுக் கைப்பேசியிற் குரலையும் பதிக. நாள், இடம், கேட்டவர் பெயர் மூன்றையும் மறவாது குறிக்க.

3. திருமணப் பத்திரிகை, இரங்கல் அறிக்கை, வரவு செலவுப் புத்தகம், புகைப்படம் ஆகியவற்றைப் படியெடுத்துக்கொண்டு, மூலத்தை உரியவரிடமே திருப்பித் தருக. பெற்ற பொருளைத் திருப்பாத சங்கத்தை எவரும் நம்பார்.

4. படத்தின் பின்புறத்தில், உள்ளவர் பெயரை மென்பென்சிலால் எழுதுக. ஏடுகளைக் கறையானும் ஈரமும் அணுகாத உயரத்தில் வைக்க. படிகளை இரண்டு வெவ்வேறு இடங்களிற் காக்க.

5. ஆண்டுக்கொரு முறை, வைகாசிப் பௌர்ணமியன்று, தொகுத்தவற்றை விகாரையிற் காட்சிக்கு வைத்து, பிள்ளைகளைக் கொண்டு படிக்கச் செய்க. அன்று அனைவரும் ஒருங்கிருந்து உண்க. பாட்டனின் படத்தைக் காணவரும் பேரன், தம்மத்தையும் கேட்டுச் செல்வான்.

காக்க வேண்டிய எல்லை

நமக்கு உவப்பாயிருத்தல் பற்றியே ஒன்றை உண்மையெனக் கொள்ளலாகாது. கேள்வியால் வந்தது, மரபால் வந்தது என்பதனால் மட்டும் எதனையும் ஏற்க வேண்டாவெனக் காலாமருக்குப் பகவன் அருளிய போதனை, நம் பெருமை பேசும் கதைக்கும் பொருந்தும். வயலிற் கிடைத்த சிலை யாவும் புத்தர் சிலையென்று முழங்குதல் தம்மத் தொண்டாகாது. சமணர் சிலையாயின் சமணர் சிலையென்றே எழுதுக. கண்டது, கேட்டது, கருதுவது என மூன்றாகப் பிரித்து எழுதுக. சங்கத்தில் நிகழ்ந்த பிணக்குகளையும் மறைக்க வேண்டா, பகையின்றி எழுதுக. முசாவாதம் தவிர்ப்போம் என்று ஏற்ற சீலம், ஏட்டில் எழுதும்போதும் நம்மைப் பிணிக்கும்.

நம்மைப் பற்றிப் பிறர் எழுதியவற்றால் நெடுங்காலம் இழிவுற்றோம். அதற்கு மாற்று, பிறரை இகழ்ந்து எழுதுவதன்று. நம்மை நாமே உள்ளவாறு எழுதுவதாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வணக்கம் முடிந்தவுடன், உங்கள் கிளையில் மூத்தவர் யாவரென்று கேளுங்கள். அவர் இல்லத்திற்கு ஒரு நோட்டுப் புத்தகத்துடன் செல்லுங்கள்.

சிந்தித்து விடை கூறுக

1. விநயத்தை உரைக்க உபாலி தக்கவரானது எதனால்?

2. உங்கள் கிளை தொடங்கிய ஆண்டு எது? அதற்குச் சான்று யாது?

3. உங்கள் இல்லத்தில் உள்ள மிகப் பழைய தாள் எது? அதில் யார் பெயர் உளது?

அனைவரும் அறிவொளி பெற்று நலமுறுக!