சபுராளியும் குடிதண்ணீரும்



சரக்குக் கொள்முதல், குடும்ப விசேஷம், உம்ரா என்று நம்மவர்கள் சபர் போகாத மாதம் இல்லை. கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங், பெஸ்தாரி ஜெயா ஆகிய ஊர்களிலிருந்து தாயகத்துக்கும் மேடானுக்கும் பாங்காக்குக்கும் போகிறோம். பாஸ்போர்ட்டையும் பணத்தையும் இடுப்பில் பத்திரப்படுத்துகிறோம். குடிக்கும் தண்ணீரைப் பற்றி யோசிப்பதில்லை. போன இடத்தில் வயிற்றுப்போக்கு கண்டு மூன்று நாள் படுத்துவிட்டால் கொள்முதலும் போயிற்று, சீட்டுப் பணமும் போயிற்று. சிறு பிள்ளைகளுக்கும் வயோதிகருக்கும் அது உயிர்ச் சேதத்திலும் முடியும். ஆகவே இந்தப் பாடம் அவசியமாகிறது.

முதலாவது, கண்ணை நம்பலாகாது. இரண்டு குல்லத்துக்குக் குறையாத தண்ணீரில் நஜீஸ் விழுந்தால் நிறம், ருசி, வாடை மாறியதா என்று பார்க்கும்படி ஷாஃபிஈ மத்ஹபில் ஓதினோம். அது ஒளுவுக்குரிய சட்டம். வாந்திபேதி, டைபாய்டு முதலிய வியாதிகளின் கிருமிகளோ இம்மூன்றில் ஒன்றையும் மாற்றாமலே தண்ணீரில் இருக்கக்கூடும். ஒளுவுக்கு ஆகும் தண்ணீர் எல்லாம் வயிற்றுக்கு ஆகும் என்று எண்ணுவது தவறு.

இரண்டாவது, வடிகட்டுவதால் பலன் உண்டா? உண்டு. 1892-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் எல்பே ஆற்றுத் தண்ணீரை வடிக்காமல் குழாயில் விட்டது. வாந்திபேதி பரவி 8,000 பேருக்கு மேல் மாண்டனர். அடுத்திருந்த அல்டோனாவும் அதே ஆற்று நீரைத்தான் குடித்தது. அதுவும் ஹாம்பர்க்கின் கழிவு கலந்த பின் எடுத்த நீர். ஆனால் மணற்படுகையில் வடித்துக் கொடுத்ததால் அவ்வூர் பெருமளவு தப்பியது.

மூன்றாவது, வடிகட்டிக்கும் எல்லை உண்டு. அதே 1892-ல் ருஷிய விஞ்ஞானி இவானோவ்ஸ்கி, நோய் கண்ட புகையிலைச் செடியின் சாற்றை மிக நுண்ணிய பீங்கான் வடிகட்டியில் வடித்தார். வடித்த சாறும் நல்ல செடிக்கு நோயைக் கொடுத்தது. கிருமியிலும் சிறிய வைரஸ் என்பதை உலகம் அறிய அதுவே வழி திறந்தது.

இன்று பிரயாணத்துக்கு விற்கும் குழல் வடிகட்டிகள் பலவற்றில் துவாரம் 0.1 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. டைபாய்டு, வாந்திபேதிக் கிருமிகள் அந்தத் துவாரத்தில் நுழையா. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெப்பட்டைட்டிஸ் ஏ வைரஸோ சுமார் 0.03 மைக்ரான், தாராளமாக நுழைந்துவிடும். அதற்குத் தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும். இல்லையேல் குளோரின் மாத்திரை போட வேண்டும்.

உப்பு, பூச்சிமருந்து, ரசாயனம் ஆகியவை தண்ணீரில் கரைந்தவை. ஆற்று முகத்தின் உவர் நீரைக் குழல் வடிகட்டி நன்னீராக்காது. செம்பனைத் தோட்டத்துக் கானில் களைக்கொல்லி கலந்திருந்தால் அதையும் அது நிறுத்தாது. கரி சேர்ந்த வடிகட்டி வாடையையும் சில ரசாயனங்களையும் குறைக்கும்; கரி மட்டும் கிருமியைத் தடுக்காது. 2020 செப்டம்பர் 3-ம் தேதி ராவாங் அருகே சுங்கை கோங்கில் கழிவு கலந்து வாடை எழுந்தபோது, நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்தினார்கள். சுமார் 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் தடைப்பட்டது. அத்தகைய தண்ணீர் கொதிக்க வைத்தாலும் ஆகாது. வேறு தண்ணீரைத் தேடுவதே வழி.

ராஜா மூசா காட்டுச் சதுப்பிலிருந்து வரும் தண்ணீர் தேயிலைச் சாயம் போல இருக்கும். மக்கிய இலைதழையின் சாயம் அது. அத்தகைய நீரில் குளோரினின் வலு சாயத்தோடு செலவாகிவிடும்; கிருமிக்கு மிஞ்சாது.

இனிச் செய்முறையைக் கவனிப்போம்:

1. அடுப்பு கிடைத்தால் தண்ணீர் நன்றாகத் தளதளவென்று கொதித்தபின் ஒரு நிமிஷம் விடுங்கள். உயரமான மலையூர்களில் மூன்று நிமிஷம்.

2. அடுப்பு இல்லையேல் முதலில் வடிகட்டி, பிறகு மாத்திரை போட்டு, அட்டையில் கண்டபடி, பொதுவாக அரை மணி, காத்திருங்கள். குளோரினுக்கு எளிதில் சாகாத கிரிப்டோஸ்போரிடியம் போன்ற கிருமிகளை வடிகட்டி பிடிக்கும். வடிகட்டிக்குத் தப்பும் வைரஸை மாத்திரை கொல்லும்.

3. போத்தல் தண்ணீரானால் மூடியின் முத்திரை உடையாதிருப்பதைப் பாருங்கள். ஐஸ் கட்டியும் தண்ணீர்தான் என்பதை மறவாதீர்கள். பல் துலக்கவும் குடிக்கத் தக்க நீரையே எடுங்கள்.

4. வடிகட்டியைக் கீழே போட்டால் உள்குழல் உடையலாம்; வெளியே தெரியாது. சபர் முடிந்ததும் பின்புறமாக நீர் விட்டுக் கழுவி, உலர்த்தி வையுங்கள்.

5. வயிற்றுப்போக்கு கண்டால் ஒரு லிட்டர் சுத்த நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து அடிக்கடி குடிக்கக் கொடுங்கள். மலத்தில் ரத்தமோ, கடும் காய்ச்சலோ, மயக்கமோ கண்டால் டாக்டரிடம் தாமதியாமல் போக வேண்டும்.

கடைசியாக, கடைக்காரர்களாகிய நமக்கு ஒரு வார்த்தை. "பாய், இது எல்லாத்தையும் எடுத்துடுமா?" என்று வாடிக்கைக்காரர் கேட்பார். "எடுக்கும்" என்றால் சரக்கு உடனே நகரும். ஆனால் அந்தச் சொல்லை நம்பித் தோட்டத்துப் பிள்ளை கான் தண்ணீரைக் குடித்தால் பழி யாருடையது? நிறுவையில் குறைப்பது போலவே சொல்லில் கூட்டுவதும் மோசடிதான். துவாரத்தின் அளவை அட்டையில் காட்டி, எதை நிறுத்தும், எதை விடும் என்று சொல்லிக் கொடுங்கள். அன்று ஒரு வடிகட்டி விற்காமல் போகலாம். நம் வாக்கின் மதிப்புக் குறையாது.